சகலையும் நானும் ஒரு பிரேக் பெடலும்

என் சகலை என்னைக் கொல்லப் பார்க்கிறார் என்று நான் நம்பினேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, எட்டு வருடம் நம்பினேன். கத்தி, விஷம் என்று அவர் மெனக்கெடவில்லை, எங்கள் இருவருக்கும் பொதுவான பழைய ஜீப்பின் பிரேக் பெடலை வைத்தே காரியத்தை முடிக்கப் பார்க்கிறார் என்று நம்பினேன். இன்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை, வியர்வைதான் வந்தது. ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் பெடலை மிதித்தபடியே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினால், சீட்டில் ஆள் வடிவத்தில் ஈரம் இருக்கும். என் மனைவி அதைத் துணியால் துடைத்தபடி, "வண்டி ஓட்டுனீகளா, வண்டியில குளிச்சீகளா?" என்று கேட்பாள்.

சகலை என்பது ஒரு விசித்திரமான உறவு. அண்ணன் தம்பியைக் கடவுள் கொடுக்கிறார், நண்பனை நாம் பிடித்துக்கொள்கிறோம், சகலையை மட்டும் மாமனார் தேர்ந்தெடுத்து நம் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறார். அதன் பிறகு கறிக்குழம்பில் நல்லி எலும்பு யார் தட்டில் விழுகிறது என்பதிலேயே போட்டி தொடங்கிவிடும். ஆனால் என் மனைவியின் தங்கையைக் கட்டிய இந்த மனிதர் அந்தப் போட்டிக்கே வராதவர். எலும்பு தன் தட்டில் விழுந்தால் எடுத்து என் தட்டில் வைத்துவிடுவார். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். குறைவாகப் பேசுவார். நான் திண்டுக்கல்லில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். என் தொழிலே சத்தம். நான் ஒரு மணி நேரம் பேசுவதை அவர் ஒரு தலையசைப்பில் முடித்துவிடுவார். இப்படிப்பட்டவர்கள் மேல் சந்தேகம் வருவது சுலபம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வாயாடி மனசில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். பேசாதவன் மனசில் நாமே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் நடுவில், அரசாங்க அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட ஜீப் ஏலத்துக்கு வந்தது. தனியாக எடுக்க எனக்கும் முடியாது, அவருக்கும் முடியாது. பாதிப் பாதியாகச் சேர்ந்து எடுத்தோம். வாரத்தில் மூன்று நாள் அவருக்குப் பூ மூட்டை ஏற்ற, மூன்று நாள் எனக்குக் கூம்பு ஸ்பீக்கர் ஏற்ற. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போவதால் ஜீப்புக்கும் ஓய்வு. அவர் திண்டுக்கல்லுக்கு ஓட்டிவந்து என் வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவார். என் முறை முடிந்ததும் பஸ்ஸில் வந்து ஓட்டிப் போவார். முதல் சில மாதங்கள் அந்த ஏற்பாடு அவ்வளவு அழகாக ஓடியது. வண்டியை விடும்போதெல்லாம் முன் சீட்டில் வாழை இலையில் சுற்றிய மல்லிகை கிடக்கும். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் தலையில் ஒரே தோட்டத்துப் பூ.

சிறுமலையில் ஒரு கோயில் திருவிழாவுக்கு மைக் கட்டிவிட்டு ஒரு மத்தியானம் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் அரை அங்குலம் சும்மா இறங்கி, அதற்குப் பிறகு பிடித்தது. நடந்தது இவ்வளவுதான். பிரேக் நன்றாகவே பிடித்தது, வண்டி நின்றது, எதிரே வந்த பஸ் கூட என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்த அரை அங்குலம் கால் காற்றில் இறங்கியபோது நான் என் சவ அடக்கம் வரை போய்த் திரும்பிவிட்டேன். பிள்ளைகள் நினைவு வந்ததா என்றால், வெட்கத்தோடு சொல்கிறேன், அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. என் அடக்கத்துக்கு யார் மைக் கட்டுவார்கள்? பக்கத்துத் தெரு போட்டிக்காரன்தான் கட்டுவான். அவன் செட்டு எப்போதும் கொய்யென்று கத்தும். என் கடைசிப் பயணம் அந்தக் கத்தலில்தான் நடக்க வேண்டுமா?

மறுநாளே பழனி ரோட்டில் இருந்த மெக்கானிக்கிடம் போனேன். எங்கள் ஜீப்பை வழக்கமாகப் பார்க்கிறவர், சகலைக்குப் பழக்கமானவர். பெடலை இரண்டு தடவை கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இது கோளாறு இல்ல. பிரேக் பெடலு அரை வெரக்கடை சும்மா எறங்கித்தான் பிடிக்கணும். அந்த எடம் இல்லேன்னா மிதிச்ச ஆயிலு திரும்பி வராது. பிரேக்கு பிடிச்சபடியே நின்னுரும். ஓட ஓட சூடாகும், சூடாக சூடாக இன்னும் இறுகும்."

என்னால் நக்கலை அடக்க முடியவில்லை. "காலை வெச்ச ஒடனே பிடிச்சாத்தாம்ப்பா அது பிரேக்கு. யோசிச்சு யோசிச்சுப் பிடிச்சா அது கவர்மெண்டு. ஏலத்துல எடுத்துட்டு வந்தும் அந்தப் புத்தி போகலயா இதுக்கு?" என்றேன். பட்டறையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்கு அந்த விஷயம் நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தம். இது என் பழைய வியாதி. மெக்கானிக் சிரிக்கவில்லை. "சொல்லிட்டேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அவர் எங்கே தொட்டுப் பார்த்தார் என்பதை நான் கவனித்துவைத்திருந்தேன். அந்த மாதிரி ஜீப்பில் டிரைவர் காலுக்கு அடியிலேயே, பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் இருக்கும். பெடலிலிருந்து ஒரு கம்பி அதற்குள் போகும். கம்பியில் மரை, மரையில் ஒரு நட்டு. நட்டைத் தளர்த்திக் கம்பியைத் திருகினால் நீளும், குறையும். வீட்டுக்கு வந்து, தரையில் சாக்கை விரித்துப் படுத்து, கம்பியை நீளமாக்கி நட்டை இறுக்கினேன். ஏறி உட்கார்ந்து காலை வைத்தேன். வைத்த கணமே பிடித்தது. ஜீப்புக்குப் பல் முளைத்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. மெக்கானிக் தேவையில்லாத அளவுக்கு எனக்கு வேலை தெரியும் என்பதை நேரம் பார்த்துச் சபையில் அவிழ்க்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

சகலையின் முறை முடிந்து வண்டி என்னிடம் வந்தது. காலை வைத்தேன். பெடல் சும்மா இறங்கியது. மறுபடி படுத்தேன், திருகினேன், பல் முளைத்தது. அடுத்த வாரம் வந்தபோது மறுபடியும் பல்லைக் காணோம். மூன்றாவது வாரமும் அப்படியே. என்னிடமிருந்து போகும்போது கடிக்கிற பிரேக், அவரிடமிருந்து வரும்போது பொக்கை வாயாக வருகிறது. கணக்கு எளிதாக இருந்தது. நான் இறுக்குவதை ஒருவர் தளர்த்துகிறார். வண்டியைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் நான்.

நேராகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. துப்பறிகிறவன் மாதிரி ஓரமாகக் கேட்டேன்: "பிரேக்கு எப்பிடி இருக்கு சகல?"

"நல்லாருக்கு சகல. அப்பப்ப பிடிச்சுக்கிருது. நான் சரி பண்ணிக்கிறேன், நீங்க ஒண்ணும் கவலப்படாதீக."

அந்தக் 'கவலப்படாதீக'வை நான் வீட்டுக்குக் கொண்டுபோய், பாயில் படுத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்தியது. எலும்பை என் தட்டில் எடுத்து வைக்கிற மனிதர். பூ கொடுத்து அனுப்புகிற மனிதர். இத்தனை நல்லவராக ஒருவர் எதற்காக இருக்க வேண்டும்? நம்பினவன் முதுகில்தான் குத்து விழும் என்பார்கள். என் முதுகு அப்போதே அரிக்கத் தொடங்கியது.

இதற்கு நடுவில் ஜீப் இன்னொரு சேட்டை ஆரம்பித்தது. டவுனுக்குள் ஓட்டும்போது ஒன்றும் இல்லை. சேவுகம்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்கு மைக் கட்டப் போனேன். நல்ல வெயில். பாதித் தூரத்துக்கு மேல் வண்டி கனத்தது. கியரை மாற்றினாலும் படுத்துக்கொண்ட மாடு மாதிரி முனகியது. பெடலை மிதித்தால் கல் மாதிரி நின்றது, எழவும் இல்லை, இறங்கவும் இல்லை. இறங்கிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டால் கை சுட்டது. புளியமரத்தடியில் செத்த நேரம் நிறுத்தினேன். ஆறினதும் தானாக விட்டுவிட்டது. சூடானால் பிடிக்கிறது, ஆறினால் விடுகிறது. காய்ச்சல்காரன் மாதிரி ஒரு வண்டி.

நான் செய்த வைத்தியங்களைச் சொன்னால் கால்நடை மருத்துவர் கூட அழுவார். பெடலுக்கு அடியில் மிதியடி மடிந்து முட்டுகிறது என்று மிதியடியைத் தூக்கி எறிந்தேன். பெடலை மேலே இழுக்கிற ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அதைவிடப் பெரிய ஸ்பிரிங் ஒன்றை மாட்டினேன். அது இழுத்த இழுப்பில் என் செருப்பு அறுந்தது. பெடல் அச்சில் கிரீஸ் வைத்தேன். கிரீஸ் போதாதென்று விளக்கெண்ணெய் விட்டேன். நாலு சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், ஆறின வண்டியில் எல்லாம் சமர்த்தாகச் சுற்றின. எல்லாவற்றையும் பார்த்தேன். நான் திருகிய கம்பியை மட்டும் பார்க்கவில்லை. அது நான் செய்தது, அதில் எப்படித் தப்பு இருக்கும்?

கடைசியில் மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஒரே ஆள் என்னை இரண்டு விதமாகக் கொல்லப் பார்க்கிறான், ஒன்று பிரேக் பிடிக்காமல், இன்னொன்று பிரேக் விடாமல். அவள் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அவரு பூப்பறிச்சுப் பொழைக்கிற மனுசன். ஒங்களக் கொன்னு எதை அள்ளப் போறாரு? அந்தக் கூம்பு ஸ்பீக்கரயா?"

"ஜீப்பு முழுசா அவருக்கு ஆயிருமுல்ல?"

"அந்த ஜீப்புக்கா? அதை முழுசாக் குடுத்தா அவரு தூக்குல தொங்கிருவாரு."

ஒட்டன்சத்திரத்தில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம் வந்தது. இரண்டு குடும்பமும் ஜீப்பில் போவதாக ஏற்பாடு. சகலை முந்தின நாள் சாயங்காலமே குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். உள்ளே அக்கா தங்கை சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மெதுவாக வெளியே போய் ஜீப்புக்கு அடியில் படுத்தேன். கம்பி வழக்கம்போலத் தளர்ந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை ஒரு நட்டு இல்லை, இரண்டு நட்டு. முதல் நட்டு அசையாதபடி அதன் முதுகில் இன்னொன்றை ஏற்றி இறுக்கியிருந்தார்.  தளர்த்தினது போதாதென்று பூட்டும் போட்டுவிட்டார்! நாளைக்கு என் மனைவியும் பிள்ளைகளும் ஏறப் போகிற வண்டி. பெரிய ஸ்பேனர் எடுத்துவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இரண்டாவது நட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். கம்பியைத் திருகினேன். குடும்பம் போகிறதே என்று எப்போதையும் விட ஒரு சுற்று கூடவே திருகினேன்.

மறுநாள் சகலைதான் ஓட்டினார். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும், "என்னமோ கருகுது" என்றாள் கொழுந்தியாள். முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. சகலை வண்டியை நிறுத்தவில்லை, அதுவே நின்றுவிட்டது. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு எல்லாரும் சாலையோரம் குதித்தோம். முதலில் குதித்தவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், என் பிள்ளைகள் எனக்குப் பின்னால்தான் இறங்கினார்கள். சகலை வெள்ளை வேட்டியோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். கரிக் கையோடு தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ரெட்ட நட்டுப் போட்டிருந்தேன் சகல, ஒண்ணக் காணோம். கம்பி முன்னால நகந்திருச்சு."

"நகந்துச்சா, நகத்துனீகளா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குத் தொண்டை திறந்துகொண்டது. இத்தனை வருடம் மைக் முன்னால் நின்ற தொண்டை, மைக் இல்லாமலே அந்த ரோடு முழுக்கக் கேட்டது. "வாரா வாரம் எங்கிட்ட வாரப்ப பிரேக்கத் தளத்தி விடுறது யாரு? கோளாறு எங்க இருக்குன்னு படுத்த ஒடனே கை போகுதே, எப்பிடிப் போகுது? வெச்சவனுக்குத்தான எடம் தெரியும்? என்னைய மட்டும்னா பரவால்ல, குடும்பத்தோடவா?"

சைக்கிளில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கொழுந்தியாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.  சகலை மறுபடி அடியில் போய் ஸ்பேனரால் நாலு திருப்பு திருப்பினார். வெளியே வந்து வண்டியை ஒரு கையால் தள்ளினார். அது எண்ணெய் விட்ட தொட்டில் மாதிரி நகர்ந்தது. சாவியை என் கையில் கொடுத்தார்.

"ஓட்டிட்டுப் போங்க சகல. இனிமே பிடிக்காது" என்றார். மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், நிலக்கோட்டைக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றார்.

அந்த இரண்டாவது நட்டு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. 'நான்தான் கழற்றினேன்' என்ற வாக்கியமும் வாயில் இருந்தது. இரண்டையும் நான் வெளியே எடுக்கவில்லை. பயந்தவன் மூளை எப்படி வேலை செய்யும் என்றால், தன் தப்பு கண் முன்னால் புகைந்துகொண்டிருந்தாலும் அதற்குள் அடுத்தவன் சதியைத்தான் தேடும். நான் இறுக்கியது காப்பாற்ற, அவர் தளர்த்தியது கெடுக்க. புகை வந்ததெல்லாம் தளர்த்தினதை நியாயப்படுத்த அவர் செய்த ஜோடனை. ஒட்டன்சத்திரம் வரும்வரை இதை எனக்கு நானே விளக்கிக்கொண்டு வந்தேன். மனைவி பின் சீட்டில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். போகும்போதும் வரும்போதும் பிரேக் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

சகலை அதன் பிறகு ஜீப்பை எடுக்க வரவே இல்லை. அதை மலையில் வாழைத் தோட்டம் வைத்திருந்த ஒருவருக்கு விற்று, பாதியை மாமனார் மூலமாகக் கொடுத்தனுப்பினேன். எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாராம். அவருடைய மூத்த பெண் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. என் போட்டிக்காரன் போய் மைக் கட்டினான் என்று கேள்விப்பட்டபோது, துரோகத்துக்கு முத்திரை குத்தியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கூடப் பிறக்காத தம்பி என்று நினைத்திருந்தேனே என்று ஒரு நாள் உண்மையாகவே அழுதேன். அந்த அழுகையில் நடிப்பு இல்லை. ஏமாற்றப்பட்டவனின் வலி, ஏமாற்றப்படாதவனுக்கும் அதே அளவுக்குத்தான் வலிக்கும்.

அழுததோடு விட்டிருக்கலாம். நான் கதையாக்கினேன். கல்யாண வீடுகளில் மைக் கட்டி முடித்து, பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில், "என் சகலை என்னைக் கொல்லப் பார்த்த கதை தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன். பெடல் சும்மா இறங்குவதை முழங்காலால் நடித்துக் காட்டுவேன். சிரித்துச் சிரித்து இலையில் சோறு ஆறிப்போகும். ஜீப் போன பிறகு சகலை நிலக்கோட்டையில் பூ வேன் ஓட்டப் போயிருந்தார். கதை அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. "பிரேக்க இறுக்கிட்டீகளா, தளத்திட்டீகளா?" என்று கேட்காமல் யாரும் அவர் வேனில் ஏறுவதில்லையாம். கொஞ்ச நாளில் வேன்காரர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். இதை என் மனைவி எனக்குச் சொன்னபோது, "ஊரு சிரிக்கிறதுக்கு எந்தங்கச்சி குடும்பம்தான் கெடச்சுச்சா?" என்றாள். அவள் தங்கையைப் பார்க்கப் போவதாக இருந்தால் என்னிடம் சொல்லாமல் போய்விட்டு வருவாள். தலையில் பூ இருப்பதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

எட்டு வருடம் கழித்து, மைக் செட் பந்தலும் சமையல் பாத்திரமுமாகப் பெருகி, ஒரு சின்னக் கார் வாங்கலாம் என்று ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிக் கட்டிடம், ஏசி, கழுத்தில் டை கட்டின விற்பனையாளர். புது வண்டி, ஒரு கிலோமீட்டர் கூட ஓடாதது. உள்ளே உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் முதல் வேலையாகப் பிரேக்கில் காலை வைத்தேன். பெடல் சும்மா இறங்கியது.

"யோவ், பிரேக்கு எறங்குது!" என்று கத்திவிட்டேன். காப்பி கொண்டுவந்த அம்மாள் தட்டோடு நின்றுவிட்டாள்.

விற்பனையாளர் குனிந்து, கையால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தார். "அது ஃப்ரீ ப்ளே சார். கொஞ்சம் சும்மா எறங்கித்தான் பிடிக்கும். எல்லா வண்டியிலும் அப்படித்தான் சார். அந்த கேப் இல்லைன்னா பிரேக் ஜாம் ஆயிரும்."

நான் நம்பவில்லை. இறங்கி அடுத்த காரில் ஏறினேன். இறங்கியது. அதற்கடுத்தது. அதுவும் இறங்கியது. அந்த ஷோரூமில் நின்ற ஏழு காரிலும் ஏறி ஏறி மிதித்தேன். ஏழிலும் சகலை வந்து தளர்த்தி வைத்திருக்க முடியாது. ஏழாவது காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அந்தக் குளிரிலும் பழைய வியர்வை வந்தது. பழனி ரோட்டு மெக்கானிக் முதல் நாளே சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக வந்து நின்றது. பட்டறையில் நாலு பேர் சிரித்ததும் வந்தது.

மறுநாள் பஸ்ஸில் நிலக்கோட்டைப் பக்கம் போனேன். சகலை வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து, மொட்டும் மலர்ந்ததுமாகப் பூவைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. "வாங்க" என்றார். 'சகல' என்று சேர்க்கவில்லை. வழியெல்லாம் ஒரு நகைச்சுவையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே ஒன்றும் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கை பூவிலேயே இருந்தது. "முன்னால தள்ளுனது நீங்களா?" என்றார்.

"நாந்தான்."

"ஒவ்வொரு வாட்டியுமா?"

"ஒவ்வொரு வாட்டியும்."

"நான் வண்டியத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார். "குலுங்குற குலுக்குல நட்டு தானா நகந்துருதுன்னு நெனச்சேன். அதுக்குத்தான் ரெட்ட நட்டுப் போட்டேன். இதுல மனுசன் கை போகும்னு எனக்குத் தோணவே இல்ல."

முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அன்னைக்கு ரோட்டுல ஒரு நட்டக் காணோம்னு நான் சொன்னப்ப, கழட்டுனது நீங்கதான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல இடம் இருந்தது. அரை அங்குலம் இருந்தது. "தெரியும்" என்றேன்.

அவர் தலையசைத்தார். பிரித்த பூவைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். நான் கால் மணி நேரம் நின்றேன். கொழுந்தியாள் கதவு வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த பஸ்ஸுக்கு நடந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். அந்த ஜீப்பின் பிரேக்கில் கோளாறு எதுவும் இருக்கவில்லை. வாரா வாரம் அதைக் கெடுத்தவன் நான், வாரா வாரம் சரி செய்தவர் அவர். எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் இன்றுவரை வருவதில்லை.